அடுப்படி வரை போனவர்

யூனியன் ஆபீஸ் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ரோடு, பாலம், கிணறு, தொகுப்பு வீடு. ஆபீசுக்குள்ளும் அதே கணக்குதான். பொறியியல் பிரிவில் எந்நேரமும் காண்ட்ராக்டர்கள் நிற்பார்கள், ஓவர்சியர் வேலை அளவு எழுதுகிற எம்.புக்கைத் திறந்தால் நாலு தலை சேர்ந்து எட்டிப் பார்க்கும். ஆணையர் அறை வாசலில் கரை வேட்டிகள். பில் பாஸாகிவிட்டதா என்று கேட்டுக் கணக்கரைச் சுற்றி ஒரு கூட்டம். இதையெல்லாம் தாண்டி, ரெக்கார்டு ரூமுக்குப் போகிற நடையில் ஒரு கால் குட்டையான மேஜை கிடந்தது. குட்டைக் காலுக்கு அண்டக்கொடுத்தது ஒரு பழைய பட்ஜெட் புத்தகம். அதுதான் மகளிர் ஊர்நல அலுவலரின் இடம்.

எண்பதுகளின் நடுவில், புதுக்கோட்டை மாவட்டத்து ஒன்றியம் ஒன்றில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷன். சம்பளப் பட்டியல், விடுப்பு, பயணப்படி, எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேடு எல்லாம் என் தலையில். ஆபீசில் யாருக்கு என்ன மரியாதை என்பது எனக்குக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். ஜீப்பின் லாக் புத்தகத்தைப் புரட்டினால் போதும். ஆணையர் போயிருப்பார், பொறியாளர் போயிருப்பார், சில ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய மாமியாரோ போயிருப்பார். ஊர்நல அலுவலர் பெயர் அதில் வந்ததில்லை. அவர் டவுன் பஸ்ஸில் போவார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடப்பார்.

ஆபீசில் நாங்கள் அவரை அக்கா என்போம். ஊர்களில் அவர் சேவிகாம்மா. கிராம சேவிகா என்ற பதவிப் பெயரை அரசாங்கம் மாற்றி எத்தனையோ வருஷமாகியும் "சேவிகாம்மா வந்திருக்காக" என்பதுதான் பேச்சு. 1952 அக்டோபர் 2-ந்தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்து வாசனை அந்தப் பெயரில் இருந்தது. விவசாயத்துக்கு ஒருவர், கால்நடைக்கு ஒருவர், கூட்டுறவுக்கு ஒருவர் என்று வட்டாரத்துக்கு ஆள் போட்டபோது, பெண்களிடம் போய்ப் பேசவும் பெண்களையே போட்டார்கள். 1958-ம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு அந்த வட்டாரங்களே ஊராட்சி ஒன்றியங்கள் ஆயின. சேவிகாக்களும் அப்படியே ஒன்றியத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். அக்கா பயிற்சி எடுத்தது காந்திகிராமத்தில். அதை நிறுவிய டாக்டர் சௌந்தரம் அம்மாவைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் நிமிரும்.

மாதம் பிறந்தால் அவருடைய நாட்குறிப்பும் பயணப்படிப் பட்டியலும் என் மேஜைக்கு வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது என் வேலை. எட்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்குப் படி கிடையாது என்று விதி. அக்கா போகிற ஊர்களில் பாதிக்கு மேல் அந்த எட்டுக்குள்தான். வெயிலில் ஏழு கிலோமீட்டர் நடந்தவருக்கு ஒன்றுமில்லை, ஒன்பது கிலோமீட்டர் ஜீப்பில் போனவருக்குப் படி உண்டு. விதியை எழுதிய ஆள் நடந்திருக்க மாட்டார். நாட்குறிப்பில் இருப்பதெல்லாம் ஒற்றை வரி. 'மாதர் சங்கம் பார்வை.' 'சத்துணவு மையம் பார்வை, இருப்புச் சரி.' 'புகையில்லா அடுப்பு 4 அமைத்தல்.' 'வீடு பார்வை.' கடைசியில் சொன்ன 'வீடு பார்வை'தான் அதிகம் வரும். யாருடைய வீடு, என்னத்துக்குப் பார்வை என்று எழுதியிருக்காது. ஆணையர் ஒருவர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு 'விவரம்?' என்று கேட்டிருந்தார். அக்கா பக்கத்தில் 'நேரில்' என்று எழுதி அனுப்பிவிட்டார். நேரில் அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அந்த வீடு பார்வை என்ன என்று எனக்குத் தெரிந்தது புகையில்லா அடுப்பு புண்ணியத்தில். மத்திய அரசின் அடுப்புத் திட்டம் 1983 வாக்கில் வந்தது. சேவிகாக்கள் தலையில் இலக்கு. இத்தனை அடுப்பு போட்டாக வேண்டும். போட்ட அடுப்பெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு தடவை ஆபீசிலிருந்து எங்களைப் போன்ற குமாஸ்தாக்களையும் அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது அக்காவோடு.

முதல் வீட்டில் திண்ணையிலேயே நின்றுகொண்டு பட்டியலை விரித்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போய்விட்டார். நானும் வாசற்படி வரை போய் எட்டிப் பார்த்தேன். அடுப்பு இருந்தது. இரண்டு பானை வைக்கிற மண் அடுப்பு, பின்னால் சுவரோரம் மேலே ஏறுகிற சிமெண்டுக் குழாய். குழாயின் வாயில் கந்தல் துணி. கூரையில் குழாய் போகிற ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று கிழவி அடைத்து வைத்திருந்தாள். புகை முழுக்க வீட்டுக்குள். புகையில்லா அடுப்பு, ஒன்று, நல்ல நிலையில் உள்ளது என்று எழுதுவதா இல்லையா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுக் கரியைத் துழாவி எடுத்துக்கொண்டே, "என்னத்தா, கருவை வெறகு ஈரமா?" என்றார். பிறகு ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்கிறதா. பிறகு மூத்தவன் எங்கே வேலைக்குப் போகிறான். அடுப்பை இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார். பேச்சு பேச்சாக இருக்கும்போதே மூலையில் உலை அரிசி களைந்துகொண்டிருந்த மருமகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "ஒனக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லும் முன் கிழவி, "அஞ்சு" என்றாள். "ஒங்கிட்ட கேக்கலத்தா, தண்ணி கொண்டா" என்று கிழவியைக் குடத்தடிக்கு அனுப்பினார் அக்கா. அந்த இடைவெளியில் மருமகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சொன்னாள் என்பது மட்டும் தெரிந்தது. முந்தானையை இழுத்துத் தோளில் இருந்த ஒரு தழும்பை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அக்கா திரும்பவும் அந்த ஊருக்குப் போயிருந்தார். நாட்குறிப்பில் 'புகையில்லா அடுப்பு பழுது நீக்கம்' என்று இருந்தது.

கர்ணம் காலத்திலிருந்து வி.ஏ.ஓ. காலம் வரை, அரசாங்கம் எங்கள் ஊர்களில் திண்ணையோடு நின்றுவிடும். வரி கேட்க வந்தவர், ஜப்தி செய்ய வந்தவர், ஓட்டுக் கேட்க வந்தவர், எல்லாரும் திண்ணை வரை. அடுப்படி வரை போய் உட்காருகிற ஒரே அரசாங்க ஊழியர் சேவிகாதான். அதற்கு அடுப்பு ஒரு சாக்கு. சில சமயம் தையல் மெஷின், சில சமயம் சத்துணவில் குழந்தைக்குப் போட்ட முட்டை. சாக்கில்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து உன் புருஷன் அடிக்கிறானா என்று கேட்க முடியாது. இலக்கு வைத்த மேலிடத்துக்கு இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் அடுப்பை எண்ணினார்கள்.

எண்ணுவதில் எங்கள் ஆபீசும் சளைத்ததில்லை. சிறுசேமிப்பு இலக்கு, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு, மரக்கன்று இலக்கு. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் கொடியேற்றத்துக்கு முன் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வரும். சிறப்பாகப் பணிபுரிந்தவர்களுக்கு நற்சான்றிதழ் வழங்கப்படும், பெயர், பதவி, செய்த பணி ஆகிய விவரங்களைப் படிவத்தில் அனுப்புக. பட்டியல் தயாரிப்பது என் செக்ஷன். பெரும்பாலும் சிறுசேமிப்பு அதிகம் பிடித்தவர், தொகுப்பு வீட்டை மார்ச்சுக்குள் முடித்தவர், ஓட்டுனர் ஒருவர். ஒரு வருஷம் அக்கா பெயரைப் போட்டுச் 'செய்த பணி' என்ற கட்டத்தில் நாலு வரி எழுதினேன். பள்ளிக்கூடம் விட்ட பெண் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்தது, குடும்பப் பிரச்சினைகளில் தலையிட்டுத் தீர்த்தது என்கிற மாதிரி. குறிப்பைப் பார்த்த அதிகாரி, "இதுக்குப் புள்ளிவிவரம் எங்கய்யா? தலையிட்டது எத்தனை, தீர்த்தது எத்தனை?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. மேலே அனுப்பினால் அவரையும் அப்படித்தான் கேட்பார்கள்.

புள்ளிவிவரம் அடுப்பில்தான் இருந்தது. நாலு வரியையும் அடித்துவிட்டு அடுப்பின் எண்ணிக்கையை எழுதினேன். சான்றிதழ் வந்தது. சுதந்திர தினத்தன்று மைதானத்தில் வெயிலில் நின்று வாங்கிக்கொண்டு வந்த அக்கா, ஆபீஸ் நடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். என் மேஜைக்கு வந்து, "தம்பி, இதுல பாதி அடுப்புல கோழி அடைகாக்குது, தெரியுமா?" என்று சிரித்தார். அப்புறம், "ஒரு ஜெராக்ஸ் எடுத்து எஸ்.ஆர்.ல ஏத்திருங்க" என்றார்.

1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்த பிறகு அந்தக் குட்டைக்கால் மேஜைக்கு முன்னாலும் கூட்டம் சேர ஆரம்பித்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். அன்றைக்கு அது பெரிய பணம். பள்ளிக்கூட டி.சி., வருமானச் சான்று, கல்யாணப் பத்திரிகை என்று மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தகப்பன்மார் வருவார்கள். அக்கா முதலில் பார்ப்பது பத்திரிகையை இல்லை, டி.சி.யில் பிறந்த தேதியை. விரல் மடக்கி எண்ணுவார். பதினெட்டு ஆகவில்லையென்றால் பையோடு திருப்பி அனுப்புவார். அனுப்பிவிட்டு மறுநாள் அந்த ஊர் பஸ்ஸில் ஏறிவிடுவார்.

அப்படி ஒரு கல்யாணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, காரணம் அந்தத் தகப்பன் ஆபீசுக்கே வந்து கத்தினார். பெண்ணுக்குப் பதினைந்து. ஏழாவதோடு நிறுத்திவிட்டார்கள். பணம் வேண்டாம், கல்யாணம் நடந்தே தீரும் என்றார். போலீசுக்குச் சொல்லலாமே என்றேன் நான். "போலீசு வந்தா அந்தப் புள்ள வீட்டுல இருக்க முடியாது தம்பி. ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாக" என்றார் அக்கா. அவர் போய்ப் பார்த்தது பெண்ணின் தாய்மாமனை. மாமன் சீர் வைக்காமல் அந்த ஊரில் கல்யாணப் பந்தல் கால் ஊன்ற முடியாது. அவருக்கு அன்றைய நிலையில் சீர் வைக்கக் கையில் காசில்லை என்பதும், அதை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார் என்பதும் அக்காவுக்கு மாதர் சங்கத்துப் பேச்சில் தெரிந்திருந்தது. "புள்ள எட்டு முடிக்கட்டும், மூணு வருசம் போகட்டும், கவர்மென்டுல 5,000 வாங்கித்தாரேன், ஒங்க கௌரவமும் நிக்கும்" என்று பேசி மாமன் வாயாலேயே தை மாதத்துக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். தகப்பனுக்குக் கடைசி வரை சேவிகாதான் காரணம் என்று தெரியும், நிரூபிக்க முடியாது.

அந்த மாத நாட்குறிப்பில், 'திருமண உதவி விசாரணை'. மாதாந்திர அறிக்கையில் பெறப்பட்ட மனுக்கள், பரிந்துரைத்தவை, நிராகரித்தவை என்று மூன்று கட்டம். அந்தப் பெண் வந்து விழுந்தது நிராகரித்த கட்டத்தில். அறிக்கையைப் படித்தால் அக்கா ஒரு ஏழையின் மனுவைத் தள்ளுபடி செய்த அலுவலர்.

இதில் வேடிக்கை, நம் அரசாங்கத்துக்குச் சமூக சேவகிகளைத் தெரியாமலில்லை. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஒரு திட்டம், விதவை மறுமணத்துக்கு டாக்டர் தருமாம்பாள் பெயர், தையல் மெஷினுக்குச் சத்தியவாணி முத்து பெயர். நன்றியோடுதான் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாக்கள் பெயர் அச்சடித்த விண்ணப்பங்களை வாங்கி விசாரித்த அக்காவுக்கு ஃபைல் வைக்க பீரோ கிடையாது. சத்துணவு மையத்திலிருந்து வந்த ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். செத்துப்போன சமூக சேவகி திட்டமாவார். உயிரோடிருப்பவர் நடையில் உட்காருவார். இப்போது அந்தத் திருமண உதவித் திட்டம் மாறிவிட்டது. 2022 முதல் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், நேரே வங்கிக் கணக்குக்கு. தாலியைவிடப் படிப்புக்குக் கொடுப்பது நல்லதென்றுதான் நானும் சொல்வேன். வங்கிக் கணக்கு யார் வீட்டு அடுப்படிக்கும் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அறிவொளி இயக்கம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் தொடங்கியபோது ஷீலாராணி சுங்கத் கலெக்டர். கல்லுடைக்கிற பெண்களும் களத்துமேட்டுப் பெண்களும் ராத்திரி விளக்கில் எழுத்துக் கூட்டினார்கள், பகலில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளில் கம்பியின் மேல் குழந்தையை உட்காரவைத்து ஓட்டிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தனை பெண்களை ராத்திரி வீட்டை விட்டு வெளியே அனுப்ப மாமியார்களிடம் சம்மதம் வாங்கியவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. தொண்டர்கள் வாலிபப் பிள்ளைகள், அவர்கள் பேச்சு மாமியாரிடம் எடுபடாது. அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியாயிற்று. அவரும் சைக்கிள் பழகி, ரெண்டு முறை வாய்க்காலில் விழுந்து, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். அதற்குப் பிறகு டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. எட்டு கிலோமீட்டர் விதி மட்டும் அப்படியே இருந்தது.

1996 அக்டோபரில், 1994-ம் வருஷத்துப் புதுச் சட்டப்படி உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. ஐந்து வருஷமாகத் தனி அலுவலர் ஆட்சியில் தூங்கிக்கிடந்த கூட்ட அரங்கைக் கழுவி விட்டோம். வந்தவர்களில் பல பெண் தலைவர்கள் புருஷனோடு வந்தார்கள். புருஷன் நாற்காலியில், தலைவர் சுவரோரம். அந்தப் புருஷன்மாரைப் பற்றி இன்றைக்கும் ஜோக் அடிக்கிறார்கள். நான் பார்த்தது வேறு. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்கள் நேரே நடையில் கிடந்த மேஜைக்குப் போனார்கள். முன்பே பழக்கம். பாதிப் பேர் அக்காவின் மாதர் சங்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள், அறிவொளியில் 'ப' எழுதியவர்கள். ரொக்கப் பதிவேட்டில் வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம், காசோலையில் தொகை எழுதாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான் படித்தார்கள். கிளார்க் கொண்டுவந்து நீட்டிய வெற்றுக் காசோலையை ஒரு தலைவர், "சேவிகாம்மாட்ட காட்டிட்டுப் போடுறேன்" என்று மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அன்றிலிருந்து கிளார்க்குகளுக்கு அக்காவைப் பிடிக்காமல் போனது.

கல்லுடைத்துக்கொண்டிருந்து ஒன்றியக் கவுன்சிலராக வந்த ஒருவர் இருந்தார். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். ஒரு கூட்டத்தில் ரோடு, சிறுபாலம் எல்லாம் முடிந்து, இதர பொருள் என்று வாசித்தபோது எழுந்தார். "சேவிகாம்மாவப் பாக்க வர்ற பொம்பளைங்க நடையில நிக்கிறாக. புள்ளத்தாச்சிகூட நிக்கிறா. காண்ட்ராக்டருக்கு நாற்காலி இருக்கு. ஒரு ரூமும் ரெண்டு பெஞ்சும் வேணும்" என்றார். பெரிய விவாதமெல்லாம் இல்லை. பெஞ்சுதானே என்று விட்டுவிட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியது நான். அத்தனை வருஷத்தில் அந்த ஒன்றியம் தன் புத்தகத்தில் அக்காவின் வேலையைப் பற்றி எழுதிய முதல் தீர்மானம் அது. ரெக்கார்டு ரூமின் முன்பகுதியைத் தடுத்து அறையாக்கினோம். ஒன்றியப் பொது நிதியிலிருந்து பெஞ்சு வாங்கினோம்.

வாங்கினால் தணிக்கைக்காரர்கள் விடுவார்களா? அடுத்த வருஷம் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை வந்தது. சமூக நலத்துறையின் கீழ் வரும் அலுவலருக்கு ஒன்றியப் பொது நிதியில் தளவாடம் வாங்கியது ஏற்கத்தக்கதல்ல, தொகையைச் சம்பந்தப்பட்டவரிடமிருந்து வசூலிக்க வேண்டும். யாரிடம் வசூலிப்பது? பெஞ்சில் உட்கார்ந்த புள்ளத்தாச்சியிடமா?

பதில் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. நான் அப்போது உதவியாளர். வழக்கமாகத் தடைக்கு இரண்டு வரியில் பதில் எழுதுவோம். இதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். அந்த அறைக்கு யார் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், ஒன்றியத்துக்கும் அவர் செய்வதற்கும் என்ன சம்பந்தம், பெண் தலைவர்கள் எங்கே கணக்குப் படித்தார்கள், அன்றைக்குப் படிவத்தில் அடித்த நாலு வரி உட்பட. கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது ஆணையர் முழுக்கப் படித்தார். "இது தணிக்கைக்குப் பதிலா, பாராட்டு மடலாய்யா?" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அக்காவிடம் நகலைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி, "அந்தப் புள்ளைக்குப் பதினாலு இல்ல தம்பி, பதினஞ்சு. திருத்திருங்க" என்றார். மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் ஆள் காத்திருந்தது.

தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் மேற்படி பெஞ்சுகள் தளவாடப் பதிவேட்டில் ஏற்றப்படவில்லை என்று அதற்கடுத்த வருஷம் புதிதாக ஒரு தடை போட்டார்கள். அது நியாயமான தடை. அன்றைக்கே ஏற்றிவிட்டேன்.